கேட்காமல் போட்ட பூஜ்யம்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் செயல்திட்டங்கள், நாற்பத்திரண்டு. ஏ.ஐ. எழுதியதா என்று சொல்லும் மென்பொருளில் எல்லாவற்றையும் போட்டேன். மாட்டியது ஒன்றுதான். சங்கீதா, கொசுப்புழு பற்றியது. பூஜ்யம் போட்டாயிற்று.
தைராய்டு மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
சங்கீதாவின் அம்மா வந்தார். அடையாற்றங்கரைக் குடிசையை இடித்து, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பம். வேலைக்கு லீவு, இரண்டு பஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"ஏழு நாளு தண்ணி ட்ரம்மாண்டயே குந்திக்கினு இருந்தா மிஸ். நோட்டுல எழுதி, கடையில டைப் பண்ணா. மிஷினு எழுதுச்சுன்றீங்களே, அவளாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"
கேட்கவில்லை.
மாலையில் சங்கீதாவிடமே கேட்டேன். மூன்றாம் நாள் புழு எண்ணிக்கை ஏன் இல்லை?
"அன்னிக்கு மழ மிஸ். ட்ரம்ம மூடி வச்சுட்டாங்க."
புழு தலைகீழாகத் தொங்கி மூச்சு விடுவதைப் பலகையில் வரைந்து காட்டினாள். இருபது நிமிடம். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள்.
வீடு வரும் வரை வெட்கம்.

ஆகஸ்ட் 6, புதன்
மென்பொருள் சரி என்று விட்ட நிகிலைக் கூப்பிட்டேன். வகுப்பில் முதல் மாணவன். அவனுடையதும் கொசுப்புழுதான். ஏழு நாள் கணக்கும் அச்சுப் பிசகாமல்.
"எந்தத் தண்ணியில பாத்த?"
மேசையையே பார்த்தான். "பாக்கல மிஸ். நம்பர்கூட ஏ.ஐ.யே குடுத்துச்சு."
இரண்டு வாரம் கொடுத்திருக்கிறேன், நிஜமாகப் பார்த்து எழுத.
பிறகு தலைமையாசிரியர் அறை. இனி மென்பொருள் வேண்டாம், ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் நேரில் கேட்டுத்தான் மதிப்பெண் என்றேன்.
"நாப்பத்திரண்டு பேருக்கு நேரம் ஏது மேடம்? பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க."
"வரட்டும் சார். மதிய இடைவேளையில கேக்குறேன்."
யோசித்தார். இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் என்றார். போதும்.

ஆகஸ்ட் 7, வியாழன்
தூறல். வகுப்பின் முன் நின்று, சங்கீதாவைக் கேட்காமல் பூஜ்யம் போட்டது என் தவறு என்றேன். இனி எல்லோரிடமும் நேரில் கேட்பேன் என்றும் சொன்னேன்.
கடைசி பெஞ்சில் முணுமுணுப்பு: "இன்னா மச்சி, எல்லாருக்குமா?"
எல்லோருக்கும்தான்.
மணி அடித்ததும் சங்கீதா வந்தாள். பரவாயில்லை மிஸ் என்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல.
"மார்க்க மாத்திட்டீங்களா மிஸ்?"
அவள் பார்க்கவே மதிப்பெண் பதிவேட்டில் மாற்றினேன். திருத்திய இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.