வெள்ளை அட்டையில் பட்டால் கழித்தல் பத்து

மச்சான்,

இன்று காலை பழைய மழைக்கோட்டை எடுத்து உதறினேன். உள்பையிலிருந்து மண்ணிறச் சதுர ஒட்டுத்தாள்கள் கொட்டுண்டன. அவற்றில் இன்னமும் அந்தப் பசை மணம் இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "இதென்ன குப்பை?" என்றாள். நீ சுட்ட குறி அட்டைகளின் ஓட்டைகளை மூட வைத்திருந்தவை என்று சொன்னேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள். உன் பேச்சு வந்தால் இந்த வீட்டில் இப்போது அப்படித்தான்.

எண்பதுகளின் நடுவில் லண்டனில் உன்னோடு தபால் தரம்பிரிக்கும் ஷிப்டில் நின்ற ஒரு வெள்ளைக்காரன் உன்னைத் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப் போனான். நீ அதிலேயே ஒட்டிக்கொண்டாய். பொலிஸ் வந்து உன் நோர்பரி அறையைச் சுற்றிப் பார்த்து, சுவரில் இரும்புப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, அனுமதிப் பத்திரம் கொடுத்தது. ஊரில் தம்பியைச் சூட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் நீ. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். நீ அடுப்புக்குள்ளேயே போய்ப் படுத்தாய். "உனக்கு மண்டை பிழைச்சுப் போச்சு" என்று நான் ஏசினேன். "ஓம்" என்று சிரித்தாய். உன்னிடம் கார் இல்லை, என்னிடம் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சம் என்ற ஊரிலிருந்து நானும் இழுபட்டு வந்தேன்.

லண்டனுக்குத் தெற்கே ஒரு பழைய மணற்குழி. எந்நேரமும் தூறல். சும்மா நின்ற என்னைப் பிடித்துப் புள்ளி பார்க்கப் பழக்கிவிட்டார்கள். மனித உடம்பளவில் மண்ணிற அட்டைகள். நடுவில் பட்டால் ஐந்து, அதைச் சுற்றிப் பட்டால் உன் துப்பாக்கியின் பெரிய ரவைக்கு நாலு, ஓரத்தில் பட்டால் இரண்டு. எத்தனை வெடி வைத்தாலும் ஒரு அட்டைக்குச் சிறந்த இரண்டுதான் கணக்கு. மொத்தப் புள்ளியை எடுத்த நேரத்தால் பிரிப்பார்கள். ஆகவே ஆறுதலாக நேரமெடுத்துச் சுட்டாலும் தோல்வி, அவதிப்பட்டுச் சுட்டாலும் தோல்வி. குறி தவறினால் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கழியும்.

போட்டிக்கு முன் வெறுங்கையோடு களத்தைச் சுற்றி நடந்து, விரலை நீட்டி நீட்டி நீ ரவை எண்ணுவாய். எட்டு அட்டை என்றால் பதினாறு ரவை. உன் துப்பாக்கியின் மகசீன் எட்டு ரவை கொள்ளும். எந்த மறைப்புக்குப் பின்னால் மகசீனை மாற்றுவது, ஒன்று தவறினால் மூன்றாவதை எங்கே எடுப்பது என்றெல்லாம் தமிழில் முணுமுணுப்பாய். நீ மந்திரம் சொல்லுகிறாய் என்றே வெள்ளைக்காரர் நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. விம்பிள்டன் கோயில் ஐயரே உன்னளவு சிரத்தையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மண்ணிற அட்டைகளுக்கு இடையில் சிலவேளை ஒரு வெள்ளை அட்டை நிற்கும். அது குற்றமில்லாத ஆள், பணயக்கைதி. அதில் பட்டால் கழித்தல் பத்து. நடுவில் விழுந்த இரண்டு நல்ல வெடியை அந்த ஒன்று தின்றுவிடும். வெள்ளை அட்டை எதையாவது பாதி மறைத்து நின்றால், நீ அந்த மண்ணிற அட்டையைச் சுடவே மாட்டாய். இரண்டு தவறுக்கு இருபது, சுடாமல் விட்ட பிழைக்கு இன்னொரு பத்து. முப்பதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவாய். களத்தை நடத்துகிற பெரிய மீசைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். இவ்வளவு திறமானவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று என்னைக் கேட்பார்.

எனக்குத் தெரியும். ஊரில் சந்திக் கடையில் யாரையோ சுட வந்தவர்கள் சுட்டபோது, முன்னால் சைக்கிளோடு நின்றவன் உன் தம்பி. சுட்டது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிழையாகப் பட்டுவிட்டது என்று சொல்லவும் ஒரு நாதியில்லை. 'இடையில் அகப்பட்டவர்' என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். "இஞ்ச அட்டையில பட்டாலும் கணக்கு இருக்கு மச்சான்" என்று ஒருமுறை சொன்னாய். அதற்குப் பிறகு நான் உன்னை ஏசவில்லை.

பிறகு தொண்ணூற்றாறில் ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். கைத்துப்பாக்கி எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கழகத்தில் எல்லோரும் கொதித்தார்கள். நீ மட்டும், "பிள்ளையள் செத்திருக்குதுகள். குடுக்கத்தான் வேணும்" என்றாய். உனக்கு ஞாயிற்றுக்கிழமையை விட வேறு ஒன்றுமே இல்லை என்பது எனக்குத்தானே தெரியும்.

கடைசிப் போட்டியின் கடைசிச் சுற்று. எட்டாவது அட்டையைப் பாதி மறைத்தபடி ஒரு வெள்ளை. நீ அதை விட்டுவிட்டு வருவாய் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்காவது இவன் சுட வேண்டும், சுட்டு அந்தப் பாரத்தை இந்த மணலிலேயே இறக்கிவிட்டு வர வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை. பிள்ளையாரையும் துணைக்கு அழைத்தேன். நீ ஓடினாய், சுட்டாய், மாற்றினாய், எட்டாவதுக்கு முன்னால் நின்றாய். அப்படியே நின்றாய். பிறகு இரண்டு வெடி.

அட்டைக்கிட்டப் போனோம். ஒன்று மண்ணிறத்தின் நடுவில். மற்றது வெள்ளையின் தோள் ஓரத்தில். கோட்டைத் தொட்டாலே பட்டதாகத்தான் கணக்கு. நான் புள்ளித் தாளை விரித்துப் பிடித்தேன். கடைசிப் போட்டிதானே, சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடலாம் என்றார் மீசைக்காரர். நீ என்னைத்தான் பார்த்தாய்.

"சொல்லு மச்சான். பலத்துச் சொல்லு. அங்க ஊரில ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஒன்று நடு. ஒன்று வெள்ளை. கழித்தல் பத்து" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வைத்தாய். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டாய்.

காரில் வரும்போது, பாரம் இறங்கியதா என்று கேட்டேன். எவ்வளவு மடையன் நான். நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இவ்வளவு காலமும் தம்பியைச் சுட்டவங்களை ராட்சதர் எண்டு நினைச்சனான். இல்லையடா. குறி கொஞ்சம் விலகினாக் காணும், எவ்வளவு சுகமாப் படுது."

அடுத்த கிழமை பொலிஸில் ஒப்படைத்துவிட்டு வந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து கூப்பிட்டாலும் "ஏலாது" என்ற ஒரு சொல்தான். சாப்பாடு குறைந்தது. இருந்த கொஞ்சக் கதையும் நின்றது. அடுத்த மாரிக் குளிரில் வேலைக்குப் போகிற பஸ்ஸில், இருந்த இருக்கையிலேயே போய்விட்டாய். இதயம் என்றார்கள் டாக்டர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

நீ அன்று சொன்னதால் என்னால் இப்போது யாரையும் முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. தமிழ் வானொலியில் ஊர்ச் செய்தி வந்தால் 'இடையில் அகப்பட்டு' என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். அது வராத நாள் குறைவு. வந்ததும் என் வாய் தானாகவே கழித்தல் பத்து என்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உங்கள் விளையாட்டில் ஒரு நல்ல விதி இருந்தது: எவ்வளவுதான் கழித்தாலும் ஒரு சுற்றின் புள்ளி பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஊருக்கு அந்த விதியை யாரும் எழுதவில்லை. நான் இன்னும் கழித்துக்கொண்டேதான் இருக்கிறேன், மச்சான்.