இருநூற்றுப் பதினான்கு தட்டுகள்

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளை கேப்டனிடம் கொடுக்க வேண்டிய குறிப்பு. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1. முகாமின் இடைக்காலக் குழுவில் ஐந்து பேர்.
2. ராணுவம் இருக்கும் வரை முடிவு குழுவுடையது, கையெழுத்து கேப்டனுடையது.
3. போட்டியிடுபவரும் வாக்களிப்பவரும் எஸ்டேட் செக்ரோல் பதிவேட்டில் வரும் குடும்பத்தவராக இருக்க வேண்டும்.
4. முகாமுக்குள் எந்த யூனியன் கொடியும் கூடாது.
5. கலெக்டர் ஆபீஸ் மாற்று வீடு கொடுக்கும் நாளில் குழு தானாகவே கலைந்துவிட வேண்டும்.

இரண்டாவதில் கொஞ்சம் சந்தேகம். கையெழுத்து அவருடையது என்றால் முடிவு மட்டும் நம்முடையது ஆகுமா? நான்காவதைக் கேட்டு மூன்று யூனியன்காரர்களும் என்மேல் பாய்வார்கள். மற்றவை உறுதியாக இருக்கின்றன. தபாலில் எம்.ஏ. அரசியல் படித்தது எழுபத்திரண்டு வயதில் பயன்படுகிறது.

இந்த வேலை எனக்கு வந்ததே யூனியன்களால்தான். ஒருவர் எழுதுவதை மற்ற இருவர் ஏற்க மாட்டார்கள். எந்த யூனியனிலும் சேராத பழைய கிளார்க் நான் ஒருவன்தான் அகப்பட்டேன்.

ஆகஸ்ட் 12

மழையில் பாலமும் ரோடும் போய் இன்றோடு பதினொரு நாள். மேல் லயத்து வீடுகளின் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டதும் எங்களை எஸ்டேட் ஸ்கூலுக்குக் கொண்டுவந்தார்கள். அதிகாரிகள் வர வழியில்லை. அதுவரை எல்லாப் பொறுப்பும் பாலம் போட வந்த ராணுவத்திடம். காலையில் விசில் ஊதினால் எழ வேண்டும், சாப்பாட்டுக்கு வரிசை, லயத்துக்குப் போய்த் துணி எடுக்கவும் பாஸ். ஜனங்கள் இதற்குப் பட்டாள ஆட்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேப்டன் ரிஜின் நல்ல பையன். கண்ணூர்க்காரர். நாம் பேசும் தமிழ் அவருக்குப் புரிகிறது. அவர் பேசும் தமிழ்தான் நமக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிகிறது.

குறிப்பை வாசித்துவிட்டுச் சொன்னார்: "சாரே, இருபதாம் தேதி பாலம் பணி தீரும். ஞங்ஙள் போகும். அன்னு ஸ்டோர் சாவியும் பாஸ் புக்கும் உங்க கமிட்டிக்குத் தரணும்னு ஆர்டர். கமிட்டி இல்லெங்கில் சாவி எஸ்டேட்டுக்கு."

பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேலுத்தாய்க்கு அது கேட்டுவிட்டது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களெல்லாம் அவள் சொல்வதைத்தான் கேட்பார்கள். "சாவி கம்பெனி கைக்குப் போச்சுன்னா மறுநாளே விரிசல் விட்ட வீட்டுக்குள்ள எங்களத் தள்ளி வேலைக்கு எறக்கிருவாக. கிளார்க்கய்யா, ஒங்க சட்டத்தச் சட்டுனு எழுதி முடிங்க. ஒரு கமாவுக்கு ஒரு நாள் யோசிப்பீகளே!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது பொய்யில்லை.

ஆகஸ்ட் 13

பட்டியல் முடிந்தது. 171 பேர். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

ஆகஸ்ட் 14

பட்டியலை வராந்தாச் சுவரில் ஒட்டினேன். செக்ரோலை முப்பத்தொரு வருஷம் எழுதிய கை. யார் நிரந்தரத் தொழிலாளி, எத்தனை நாள் பேர் விழுந்தது, அதாவது வேலை நாள் பதிவானது என்பதற்கெல்லாம் எஸ்டேட்டில் அதுதான் சாட்சி. பதிவேடு ஆபீசில் மாட்டிக்கொண்டது. எனக்கு நம்பர்கள் மனப்பாடம். என் மகள் சித்ரா 318. தொழிலாளி, அவர் துணை, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் - கம்பெனி விதிப்படி குடும்பம் என்றால் இவ்வளவுதான்.

மொக்கையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தார். பழைய வாட்ச்மேன், என்னோடு ரிட்டயர் ஆனவர். "ஏய்யா கிளார்க்கய்யா, என் பேருதேன் இல்ல, போகட்டும். ஒங்க பேரு எங்கய்யா?"

"ரிட்டயரானவர்களுக்கு நம்பர் கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான் விதி."

"அப்ப ஊருல இல்லாத ஆளு எழுதுன சட்டமா இது? வெளங்கிரும்!"

விதியை எனக்கே பொருத்திக்கொண்டதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாலை டீ நேரத்தில் கேப்டன் வந்து சுவரைப் பார்த்தார். "ஞான் தட்டு எண்ணியாணு சோறு கொடுக்குந்நது. தினமும் இருநூற்றுப் பதினாலு தட்டு. உங்க லிஸ்ட்ல நூற்று எழுபத்தொண்ணு. பாக்கி நாற்பத்து மூணு பேர் ஆரு?"

சொன்னேன்: வயதான பெற்றோர் பதினேழு பேர். ஜார்க்கண்டிலிருந்து வந்து கன்ட்ராக்டில் கொழுந்து எடுப்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருபத்தாறு. சாப்பாடு எல்லோருக்கும் உண்டு, வாக்கு மட்டும்தான் இல்லை.

"ஞான் போய்க்கழிஞ்ஞால் அந்தச் சாப்பாடு ஆரு கொடுக்கும்?"

குழு கொடுக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சரி. இது உங்க கவர்ன்மென்ட். ஞான் சும்மா கேட்டதாணு."

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். கயிற்றைக் கேப்டன் இழுக்கவில்லை. வேலுத்தாயைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். முடிச்சு அவிழாமல் அவள் கயிற்றைத் திட்டிய திட்டு தேசிய கீதத்துக்கு முன்னால் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஆகஸ்ட் 16

பாதிப் பாலத்தில் பலகை போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நடந்து எஸ்டேட் மானேஜர் வந்தார். நேராக என்னிடம்.

"உங்க லிஸ்ட்டை யாரோ போட்டோ எடுத்து அனுப்பினாங்க. பழைய கை, தப்பே இல்ல. குழு உங்க லிஸ்ட்டுக்கு மட்டும் பொறுப்பு. மத்தவங்க வெளியாட்கள், நீங்களே எழுதிட்டீங்க. இருபதாம் தேதி அவங்கள மறையூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவிட லாரி அனுப்புறேன். இலவசம்."

நான் "சரி சார்" என்றேன்.

அவர் பாலத்தைத் தாண்டி மறுபக்கம் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. வேலை செய்த காலம் முழுக்க அவர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சொன்ன சொல். வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

ஆகஸ்ட் 17

லாரி விஷயம் முகாம் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் சிசிலி வந்தாள். ஜார்க்கண்ட் பெண், பழைய ஸ்டோர் ஷெட்டில் குடியிருந்தவள். கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"அங்கிள், நான் ஒன்பது வருஷம் இங்கே கொழுந்து எடுக்குது. என் பேர் எழுதுறது கன்ட்ராக்டர், வேற நோட்டு. பட்டாளம் சோத்து லைன்ல என்னை எண்ணுது. உங்க பேப்பர் மட்டும் எண்ணாது. ஏன்?"

"என் பேரும் இல்லம்மா" என்றேன்.

"உங்களை லாரியில ஏத்துமா?"

ஏத்த மாட்டாங்க. யாரு ஏத்துவா? சித்ரா இருக்கா, அவ நம்பர் இருக்கு, நான் அவ அப்பன்னு எல்லாருக்கும் தெரியும். பெருமையா எம் பேர விட்டுட்டேனே - அதனால எனக்கு என்ன போச்சு? ஒண்ணும் போகல. இவ எங்க போவா? பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டா அப்புறம்? மொக்கையனோட மக மூணாறுல ஒத்த ரூம்ல இருக்கா, அங்க இந்த மனுஷன் எங்க படுப்பாரு?

அவளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோழை.

கம்பெனி மூன்றாவது விதியை எழுதச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18

டீக்கு முன்பே கேப்டனிடம் போனேன். "பட்டியல் தவறு. கிழித்துவிடலாமா?"

"ஞான் கிழிச்சால் அது பட்டாள ஆர்டர் ஆயிப்போகும். எழுதினது சார், மாத்துந்நதும் சார். எல்லாருடையும் முன்னில் பறயணும்."

பத்து மணிக்கு விசில். எல்லோரும் ஸ்கூல் மைதானத்துக்கு வந்தார்கள். மானேஜரும் வந்திருந்தார். யாரும் சொல்லாமலேயே ஜனங்கள் வேலைக்கு முன் பெரட்டுக்கு நிற்பதுபோல லயம் லயமாக நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் அப்படி நின்று நம்பர் கூப்பிடக் காத்திருந்த உடம்பு. கன்ட்ராக்ட் ஆட்கள் சுவரோரம் தனியாக. வயதானவர்கள் வராந்தாவில். கோடு போட்டுப் பிரித்தது போல என் பட்டியல் அங்கே அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

"என் பட்டியல் தவறு. முகாமில் இருப்பவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். அத்தனை பேரும் குழுவின் பொறுப்பு. பதினெட்டு வயது ஆனவர்கள் எல்லோருக்கும் வாக்கு. எல்லோரும் போட்டியிடலாம்."

மானேஜர் சிரித்தார். "அப்ப முப்பது வருஷமா நீங்க எழுதின செக்ரோலும் தப்பா?"

"அது சரிதான், சார். அது சம்பளத்துக்கு எழுதியது. யார் இங்கே உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு எழுதியதல்ல."

'சார்' என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை.

"அவுக அவுக தட்ட எடுத்துக்கிட்டு வாங்க!" என்று வேலுத்தாய் கத்தினாள். "தட்டு இருக்கவுகளுக்குப் பேரும் இருக்கு. ஏ சிசிலி, அங்க என்னடி செவத்துக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்க? இங்கிட்டு வா!" போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் முன்னால் நிறுத்தினாள்.

லய வரிசை கலைந்துவிட்டது. வயதானவர்கள் படியிறங்கி வந்தார்கள். நான் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பெயர் கேட்டு எழுதினேன். நம்பர் இல்லாமல் பெயர் எழுதுவது எனக்குப் புதிது. இரண்டு பேருக்கு இனிஷியலே கிடையாது. மொக்கையன் தட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "நல்லாப் பாத்துக்கங்க கிளார்க்கய்யா, பொட்டுப் போட்ட தட்டு. நாளைக்கு மாத்திப்புடாதீக."

214. கேப்டன் தன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். மானேஜர் ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19

தேர்தல். மூன்றாம் வகுப்பு அறையில், பிஸ்கட் பெட்டிக்குள் சீட்டு. ஐந்து பேர்: வேலுத்தாய், சிசிலி, மொக்கையன், யூனியன்காரர் இருவர். நானும் நின்றேன். பதினோரு ஓட்டு. எனக்கு முன்னால் எட்டுப் பேர்.

சித்ரா சொல்கிறாள்: "வருத்தப்படாதீங்கப்பா. ஒங்களுக்குத்தான் போட்டேன்." அப்படியானால் மீதிப் பத்தும் யார் போட்டது?

ஆகஸ்ட் 20

பாலம் திறந்தது. கேப்டன் சாவிக் கொத்தையும் பாஸ் புத்தகத்தையும் வேலுத்தாயிடம் கொடுத்து சல்யூட் அடித்தார். அவள் பதிலுக்குக் கும்பிட்டாள். சாவி கீழே விழுந்தது. ராணுவ வண்டிகள் போய் ஒரு மணி நேரம் கழித்து எஸ்டேட் லாரி வந்தது. சிசிலி புதிய பட்டியலைக் காட்டினாள். டிரைவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 23

லயத்திலிருந்து என் கம்பளியை எடுத்துவர பாஸுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். சிசிலி எழுதித் தந்தாள். என் பெயரைத் தமிழில் எழுத இன்னும் வரவில்லை, ஹிந்தியில் எழுதி, நேரம் போட்டாள்: "நாலு மணிக்கு உள்ளே திரும்பணும், அங்கிள். லேட் வந்தா மொக்கையன் தாத்தா சத்தம் போடும்."

மூன்றே முக்காலுக்குத் திரும்பிவிட்டேன்.

பதினொன்றாம் தேதி எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, இரண்டு, நான்கு சரியாகவே நடந்தன. ஐந்தாவது எப்போது நடக்கும் என்று கலெக்டர் ஆபீசுக்குத்தான் தெரியும். மூன்றாவது தவறு. வேறு யார்மேலும் அதைப் போட முடியாது, நானே யோசித்து நானே எழுதியது.