நான் தைத்த சுருக்குப் பைகள்

அன்பு மகள் சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் அக்கா மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பிடியை விட்டால் பொத்தென்று உட்கார்ந்து நம்மைத்தான் முறைக்கிறாள். நான்தான் நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உன் சின்ன மாமா தன் வண்ணமீன் கடைக்காக என்னிடம் இருநூறு சுருக்குப் பை தைக்கச் சொல்லியிருந்தான். உள்ளங்கை அகலம், காடாத் துணி, வாயில் நாடா. எதற்கடா என்று கேட்டதற்கு, வாசனை சோப்பு போட்டுக் குடுக்கறதுக்குக்கா, துணி மட்டும் காத்து போற மாதிரி இருக்கட்டும் என்றான். சோப்புக்கு எதுக்குடா காத்து என்று நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். தம்பியாச்சே என்று ஒவ்வொன்றுக்கும் இரட்டைத் தையல் போட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைசிப் பைக்கட்டை நானே கொண்டுபோனேன். கடையில் யாரும் இல்லை, பின்னறைக் கதவைத் தள்ளினேன்.

அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. துணி ஊறப்போடும் பெரிய தொட்டி நிறைய ஆமைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாம் குளத்திலும் வாய்க்காலிலும் பிடித்தவை. கடை ஆள் ஒருவன் ஒவ்வொன்றாக எடுத்து, தலையையும் காலையும் ஓட்டுக்குள் அழுத்தி, பார்சல் டேப்பால் சுற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். மேசைமேல் நான் தைத்த பைகள் நெளிந்தன. இன்னொரு மூலையில் பெரிய ஆமையை மல்லாத்திப்போட்டு ஓட்டின் ஓரத்தில் கத்தியை விட்டிருந்தார்கள், கறி தனியாக, ஓடு தனியாக, ரத்தம் ஒரு டம்ளரில். இளைப்புக்கு நல்லதாம், ஒரு பெரியவர் வாங்கிப்போகக் காத்திருந்தார். தட்டில் எடுத்துவைத்த இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. சீ, இதை உனக்கு எழுத எனக்கே கூசுகிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று வாய் கூசாமல் சொல்கிறோம், அதன் வீட்டையே பிளந்து உள்ளே கைவிடுகிறவர்களை என்ன சொல்வது?

மாமா வந்தான். முகத்தில் ஒரு வெட்கம்கூட இல்லை. ஏன்க்கா, நீ மீன் திங்கலையா, கோழி திங்கலையா, இது மட்டும் பாவமா என்றான். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைக் குடைகிறது. கையிலிருந்த பைக்கட்டை மேசைமேல் வைத்தேன். அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, இந்தப் பைங்க அடைச்ச பெட்டி வெளிநாட்டுல வளக்கறவங்களுக்கு, நம்ம சின்னவ ஊருக்குத்தான் போகுது, ஏர்போர்ட்ல அவளே வாங்கிக்கறேன்னு சொல்லிட்டா என்றான். அவன் திரும்பிய நேரத்தில் ஒரு பையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் வனத்துறைக்குப் போகலாம் என்றேன். கூடப் பிறந்தவனைக் காட்டிக் குடுக்கப் போறியா, ஊரு காறித் துப்பும் என்று சத்தம் போட்டார். நான் சாப்பாட்டு மேசையில் பையை அவிழ்த்தேன். உள்ளே இருந்த ஆமை செத்திருந்தது. டேப்பை இழுத்தபோது கழுத்துத் தோலும் கூடவே வந்தது. அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அன்று சாயங்காலமே அதிகாரிகள் கடைக்குப் போனார்கள். நூற்று நாற்பது உயிரோடு, முப்பத்தொன்று செத்து. டேப்பை எடுக்க எண்ணெய் தடவி ஊறவைத்தார்கள், நானும் கூட உட்கார்ந்தேன். எந்தக் குளத்தில் பிடித்தது என்று தெரியாமல் எங்கேயும் விட முடியாதாம். இதுங்க முட்டையிடவே பல வருஷம் ஆகும்மா, பெரிய பெண் ஆமைங்களப் பிடிச்சிட்டா குளம் தானா காலியாயிடும் என்றார் கால்நடை டாக்டரம்மா. மாமா இப்போது காவலில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி நம் வாசலில் நின்று, இனி நாங்க செத்தாலும் வராதீங்க என்று கத்திவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது உன் விஷயம். பெட்டிக்குள் என்ன என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. சோப்பு என்றுதான் உன்னிடமும் சொல்லியிருப்பான் என்று அப்பா சத்தியம் செய்கிறார். நான் சத்தியம் செய்யவில்லை. யார் வாங்கிக்கொள்ள இருந்தது என்று அதிகாரி கேட்டார். உன் பெயரையும் விலாசத்தையும் நானேதான் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் புரியும்படிதான் எழுதினேன். தம்பிக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் என்று என்னால் இருக்க முடியவில்லை, கண்ணு. திட்டு, அழு, ஒரு மாசம் பேசாமல்கூட இரு.

தெரியாமல் செய்திருந்தால் தைரியமாக இரு, தெரிந்து செய்திருந்தால் அதைச் சொல்லும் தைரியம் உனக்கு வரட்டும். எப்படியிருந்தாலும் நீ என் மகள்தான், நன்றாக இருப்பாய். அதிகாரியின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவர் கூப்பிடும்வரை காத்திருக்காதே, நீயே கூப்பிடு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அம்மா