நாற்பத்தோராவது படத்தில் விழுந்த வெளிச்சம்

அன்புள்ள தம்பி இளம்பரிதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த நார்வே குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியது. நேற்றுத்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை முழுங்கிவிடுவேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் திருப்பனந்தாள் போனால் பக்கோடா வாங்காமல் வருவதில்லை, நீ ஒரு வார்த்தை கண்டித்து வை.

நான் தொலைநோக்கியில் எடுத்து அனுப்பிய லகூன் நெபுலா, அந்த விண்மீன் மேகத்தின் படங்கள் நாற்பத்துமூன்றில் நல்லதைச் சேர்த்து நீ ஒன்றாக்கி அனுப்பியதைப் பார்த்தேன். நம் கொல்லையிலிருந்து எடுத்ததில் இதுதான் அம்மா உச்சம் என்று எழுதியிருந்தாய். அப்பா வழக்கம்போல இந்தப் புகையைப் பிடிக்கத்தான் தூக்கம் கெட்டாயா என்றார். கூடவே நீ ஒன்று கேட்டிருந்தாய், நாற்பத்தோராவது படத்தில் மட்டும் ஓரத்திலிருந்து வெள்ளையாக வெளிச்சம் பரவியிருக்கிறதே, அது என்ன, அதை மட்டும் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டேன் என்று. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

எதிர்வீட்டுக் காத்தாயி விரியன் கடித்து இறந்துபோனாள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது இந்தப் படங்கள் எடுத்த அன்றுதான். நம் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் தெருவிளக்கு எரிந்தால் எனக்கு ஒரு படமும் தேறாது என்பது அவளுக்குத் தெரியும். இன்னக்கி மேகமே இல்ல டீச்சர், லைட்ட நிறுத்திடவா என்று காத்தாயியே எத்தனை நாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டு, கம்பத்து சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனைதான், நாலு மணிக்கு நான் போட்டுவிட வேண்டும். இப்போது உளுந்து பிடுங்கும் சமயம். ஈரப்பதம் இருக்கும்போதே பிடுங்கினால்தான் நெற்று வெடிக்காது என்று பெண்கள் நாலு மணிக்கே அந்த வேலிக்குப் பின்னால் போகும் வரப்பு வழியாகக் கிளம்பிவிடுவார்கள்.

அன்று அமாவாசைக்கு முதல் நாள், வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு மணிக்கே விளக்கை நானே அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சித்திரையில் தனுசு ராசி நன்றாக மேலே வருவதே நாலு மணிக்குத்தான், நாலே முக்காலுக்கெல்லாம் கிழக்கு வெளுத்துவிடும். நாலு அடித்தது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம், செல்போனில் டார்ச் இருக்கிறது, பார்த்துப் போய்விடுவார்கள் என்று விட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு நேரம் தவறாமை சொல்லிக்கொடுத்தவள் நான்.

கூச்சல் கேட்டு ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். அந்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. கும்பகோணம், அங்கிருந்து தஞ்சாவூர் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள், சிறுநீர் நின்றுபோய் இரண்டாம் நாள் போய்விட்டாள். விளக்கு எரியாததற்கு, தெருவிளக்கு பார்க்கும் நல்லக்கண்ணுவைத் தெருவே பிடித்துத் திட்டியது. அவர் தலையைக் குனிந்து நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை, எல்லாரும் இருக்கும்போதே அணைத்து வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். பிறகு யாரோ, விடுங்க டீச்சர், அவ விதி என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் காத்தாயி மகள் பிரகதீஸ்வரி தனியாக வந்தாள். நர்ஸிங் படிக்கிறாளே, அவள்தான். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில கண்ண மூடுறதுக்கு முன்னாடி, டீச்சர ரெண்டு வாட்டி கூப்பிட்டேன்னு சொன்னிச்சு, உங்களுக்குக் கேட்டுச்சா டீச்சர் என்று கேட்டாள். இல்லையம்மா என்று சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கேட்டது தம்பி. டீச்சர், டீச்சர் என்று இரண்டு தரம் நன்றாகவே கேட்டது. வேலியிலிருந்து இருபதடி இருக்கும். கூடவே செல்போன் வெளிச்சம் நம் பக்கம் அடித்தது. விளக்கைப் போடச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். படம் கெட்டுப்போயிற்றே என்று எரிச்சல்கூடப் பட்டேன். பதில் கொடுத்தால் எழுந்து போக வேண்டும், இன்னும் இரண்டு படம், மொத்தம் ஆறு நிமிஷம், முடித்துவிட்டுப் போவோம் என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு நிமிஷம் அவள் வரப்பில் தனியாகக் கிடந்திருக்கிறாள். பின்னால் வந்த பெண்கள்தான் பார்த்துக் கத்தினார்கள். உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு ஆளாவது இருந்திருக்கும். அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால் சொல்ல வாய் வரும் என்று தோன்றியது.

புதன்கிழமை அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம். அதற்கு முன்னால் பிரகதீஸ்வரியிடம் போய், கேட்டது என்று சொல்லிவிடுவேன். அவள் என்னை என்ன சொன்னாலும் சரி. நீ இதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, தொலைநோக்கியைச் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டேன், புது ஃபில்டர் எதுவும் வாங்கி அனுப்பவும் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண்விழிக்காதே. நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, அந்த நாற்பத்தோராவது படத்தை அழித்துவிடாமல் எனக்குத் திருப்பி அனுப்பு. பிரகதீஸ்வரியிடம் கொடுக்க வேண்டும், அது அவள் அம்மா என்னைக் கூப்பிட்ட வெளிச்சம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெங்கம்மாள்