வெள்ளை நூல் கட்டிய துண்டு

பெல்கிரேட்,
டிசம்பர் 2, 1996

பிரியமுள்ள பெர்சா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாசேஜ் வாசனையில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை தூக்கம் கலைந்து என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். இப்போது அது என் பால்கனியில் தொங்குகிறது. கீழ்வீட்டுப் பூனை தினமும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறது.

உங்கள் வீட்டில் பன்றி வெட்டும் அந்த ஒரு நாளில்தான் நான் ஆய்வுக்கூடத்தை மறக்கிறேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. உங்கள் இறைச்சியைப் பார்க்க நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டுதானே வருகிறேன். பன்றியிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் புழுவையே இருபது வருடமாகத் தேடுகிறவளுக்கு வேறு போக்கும் தெரியவில்லை. சாசேஜ் அடைக்கக் குடல் கழுவ வருகிறேன் என்றாலும் நீ விடுவதில்லை. "டாக்டர் கையால பன்னிக் குடலா? போடி, போய் உன் பூதக்கண்ணாடி முன்னாடி உக்காரு" என்கிறாய். முப்பது வருடச் சிநேகிதத்தில் இன்னும் இதே பேச்சு.

உன் வீட்டுக்காரர் ஸ்ரெடனிடம் என் மன்னிப்பைச் சொல். சாசேஜுக்கு அரைத்த இறைச்சிக் கலவையை எல்லோரும் பச்சையாக எடுத்து ருசி பார்த்தபோது நான் மட்டும் தலையாட்டிவிட்டேன். "உப்பு பாக்காத பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றார். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை.

பேராசிரியர் பதவி மார்ச்சில் முடிவாகும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை குறைவு.

அன்புடன்,
விடா


நவம்பர் 29-ஐ மறக்க முடியாதபடி ஆகிவிட்டது
டிசம்பர் 20, 1996

விடா,

தலைப்பில் தேதி எழுத உட்கார்ந்தேன், கை பன்றி வெட்டிய நாளை எழுதிவிட்டது. இருக்கட்டும்.

ஒன்பது பேர் படுத்திருக்கிறோம். கண்ணிமை வீங்கி, முகம் பன் ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. எனக்கு லேசுதான். என் பெண் ஸ்லாவிட்சாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். ஸ்ரெடனுக்குத்தான் மோசம். கலவையை அதிகம் ருசி பார்த்தவர் அவர்தானே. இதயத்தில் இறங்கிவிட்டது என்று நகர ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். உன் புழுதான் என்றார்கள். உன் புழு என்று நான்தான் சொல்கிறேன், அவர்கள் பெரிய பெயர் சொன்னார்கள்.

நேற்று சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்னப் பையன், ஷூவில் சேறு படாமல் நடக்கப் பார்த்தான்.

"இறைச்சியப் பரிசோதிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"தோணல."

"தோணலையா? எந்தக் காலத்துலம்மா இருக்கீங்க?"

உன் பெயர் என் வாயில் வரவில்லை. ஸ்ரெடனும் ஆஸ்பத்திரியில் அதையேதான் சொல்லியிருக்கிறார், நாங்கள் பேசிவைத்துக்கொள்ளாமலே. அபராதம் எங்களோடு போகட்டும். உனக்கு மார்ச்சில் அந்தப் பதவி வர வேண்டும். நீயும் எதுவும் சொல்லிவிடாதே.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குச் சொல். நீ பார்த்தாய்தானே?

பெர்சா


பெல்கிரேட்,
டிசம்பர் 26, 1996

பிரியமுள்ள பெர்சா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன்.

மாத்திரைகளை இன்றைய பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைகளில் கிடைக்கவில்லை, எங்கள் துறையில் இருந்ததை எடுத்தேன். ஸ்ரெடனின் மருத்துவரிடம் காட்டாமல் தர வேண்டாம். அவர் படியேறக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் சாசேஜ் முழுவதையும் எரித்துவிடு. நாய்க்கும் போடாதே.

பால்கனியில் தொங்கியதை நான் பரிசோதித்தேன். புழு இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: பார்த்தேன். இறைச்சித் துண்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கிப் பார்க்கும் இந்த முறையில், புழு குறைவாக இருந்தால் தவறிப்போகும். இது பாடநூல்களிலேயே இருக்கிறது. இதை நான் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆய்வாளரிடம் நீ சொன்னதை மாற்றச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஏற்கெனவே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் அல்லவா? இப்போது மாற்றினால் உனக்கும் சிக்கல். சில நாள் போகட்டும்.

ஸ்ரெடனைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

விடா


செப்டம்பர் 21, 1997

விடா,

மார்ச்சில் உனக்குப் பதவி வந்ததற்கு வாழ்த்து அனுப்பினேன். அதற்கு நீ அனுப்பிய அட்டை வந்தது. பூக்கள் அழகாக இருந்தன.

ஸ்ரெடன் நடக்கிறார். வேலிவரை போய்த் திரும்புவார், திரும்பும்போது உட்கார்ந்துவிடுவார். அவர் உடம்பைப் பற்றி நான் அழவில்லை. அவரை யாரும் கூப்பிடுவதில்லை, அதுதான். போன வருடம்வரை பன்றி வெட்டும் வீடுகளிலெல்லாம் உப்பும் மிளகாய்த்தூளும் போட அவர் கைதானே வேண்டும் என்பார்கள்? ஈஸ்டருக்கு முன்னால் பக்கத்து வீட்டிலேயே வேறு ஊர் ஆளை வைத்துச் செய்தார்கள். புகை எங்கள் ஜன்னலுக்குள் வந்தது. கடையில் மிலான்கோ, "ஸ்ரெடன் வீட்டு சாசேஜா? பாதிரியாரையும் சேத்துக் கூப்பிட்டு வெச்சுக்க" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஸ்லாவிட்சா இப்போது நகரத்தில் கால்நடை மருத்துவப் பள்ளியில் படிக்கிறாள். நீதான் சேர்த்துவிடச் சொன்னாய். போன வாரம் அவளுடைய ஆசிரியர் ஒரு மருத்துவப் பத்திரிகையிலிருந்து ஒரு கட்டுரையை வாசித்திருக்கிறார். அதை அவள் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள்: "அறியாமையும் அலட்சியமும் காரணமாக அக்குடும்பத்தினர் இறைச்சியைப் பரிசோதனைக்கு உட்படுத்தவில்லை." ஊர்ப் பெயர் போடவில்லை. மாவட்டமும் தேதியும் ஒன்பது பேர் என்பதும் இருந்தன. கடைசியில் விடோசாவா என்று உன் முழுப் பெயர் இருந்தது.

"அம்மா, விடா சித்தி கண்ணாடி வச்சுப் பாத்தாங்களே. அப்புறம் ஏன் இப்படி எழுதியிருக்காங்க?" என்றாள்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

நான் பொய் சொன்னேன், உண்மைதான். ஆனால் அலட்சியம் என்று நான் சொல்லவில்லையே.

பெர்சா


பெல்கிரேட்,
அக்டோபர் 12, 1997

பெர்சா,

பிரியமுள்ள என்று எழுதும் உரிமை இப்போது எனக்கு இல்லை.

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். விளக்கங்கள் எழுத எனக்கு நன்றாக வரும், அதனால்தான் இவ்வளவு நாள். இந்த முறை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று நீ இரண்டு சாஸர்களில் இரண்டு துண்டுகள் கொண்டுவந்து வைத்தாய். பெரிய பன்றியுடையதில் சிவப்பு நூல், சின்னதில் வெள்ளை நூல். ஒவ்வொன்றிலும் அரிசி அளவில் இருபத்தெட்டுத் துணுக்குகள் வெட்டி, நசுக்கி, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சிவப்பு நூல் கட்டியதைப் பார்த்தேன். முழுவதும் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்போது ஸ்ரெடன் அரவை இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி, "டாக்டரம்மா, நீங்க புழுவக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாங்க பட்டினியிலயே போய்ச் சேந்துருவோம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே தொழுவம், ஒரே தீவனம், ஒரே தாய் போட்ட குட்டிகள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். "ரெண்டும் சுத்தம்" என்றேன். ஆரவாரம் செய்தீர்கள். ஸ்ரெடன் என் கையில் ரக்கியா சாராயக் கோப்பையைத் திணித்தார்.

வெள்ளை நூல் கட்டியதை நான் தொடவேயில்லை.

என் மாணவி ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் ஆய்வுக்கூடத்துக்குள் மறுபடி விட்டிருக்க மாட்டேன். நேரம் இல்லாமல் செய்யவில்லை. களைப்பிலும் இல்லை. அந்த அறையில் நான் காத்திருக்க வைக்கிறவளாக இருக்க விரும்பவில்லை, உங்களில் ஒருத்தியாக இருக்க விரும்பினேன். அதே சமயம் கலவையை என் வாயில் வைக்கவும் இல்லை. இதை எழுதும்போதுதான் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

"பார்த்தாய்தானே?" என்று நீ கேட்டாய். பார்த்தேன் என்று எழுதினேன். அந்தக் கட்டுரையில் ஆய்வாளர் அறிக்கையின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டேன். "அலட்சியம்" என்ற சொல் அறிக்கையில் இல்லை. அது நான் சேர்த்தது.

இத்துடன் மூன்று கடிதங்களின் நகல் இருக்கிறது: ஆய்வாளர் அலுவலகத்துக்கு, பத்திரிகைக்கு, எங்கள் துறைத் தலைவருக்கு. மூன்றும் நேற்றே போய்விட்டன. உன் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் கேட்டுக்கொள்வேன். நகல்களை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. முதலில் ஸ்லாவிட்சாவிடம் காட்டு.

விடோசாவா


டிசம்பர் 1, 1997

விடா,

எனக்குத் தெரியும்.

அன்று மேஜையைத் துடைத்தபோது அந்த சாஸர் அப்படியே இருந்தது. நூல்கூட அவிழ்க்கவில்லை. நீ அதற்குள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய். நீ என்றைக்குப் பாடினாய்? சரி, ஒன்றைப் பார்த்தாலே போதும் போலிருக்கிறது, படித்தவளுக்குத் தெரியாதா என்று அதை அடுப்பில் போட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் வெட்கம் அது. ஆய்வாளரிடம் அவ்வளவு வேகமாகப் பொய் வந்தது எப்படி என்று நினைத்தாய்?

நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். உன் கடிதம் வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன், அங்கே இருக்குமோ என்று. வாழ்த்துக்குப் பதிலாக அந்தப் பூ அட்டை வந்ததே, அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

ஆய்வாளர் மறுபடி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். உன்னிடமிருந்து பதவியை எடுத்துவிட்டார்கள் என்று ஸ்லாவிட்சா கேள்விப்பட்டாள். உண்மையா? ஸ்ரெடன் நகலைக் கடைக்கு எடுத்துப்போய் மிலான்கோவையே வாசிக்க வைத்தார். இப்போது உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் எனக்குக் கேட்க நன்றாக இல்லை.

இந்த வருடம் ஒரே பன்றிதான். துண்டை ஸ்ரெடனே நகரத்துப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு மணி நேரம் வரிசை. முத்திரை போட்ட காகிதத்தோடு வந்தார். அதுவரை யாரும் எதையும் வாயில் வைக்கவில்லை. ஸ்லாவிட்சா கத்தியைக்கூடத் தொட விடவில்லை. இந்த சனிக்கிழமை பக்கத்து வீட்டில் வெட்டுகிறார்கள். மசாலா போட ஸ்ரெடனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்த வருடம் உன்னைக் கூப்பிடலாமா என்று அவர்தான் கேட்டார். "வரட்டுமே. கண்ணாடியெல்லாம் வேணாம். வந்து குடல் கழுவட்டும்" என்கிறார்.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

பெர்சா