நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கான காற்று

நாள் 212. காலை 07:10
செவ்வாய், வடக்கு நிலையம். பதிபவர்: ஜெசிந்தா மச்சாது, வயது நாற்பத்து நான்கு, பனிப்படிவ ஆய்வாளர். இந்த நிலையத்தில் நான் ஒருத்திதான். எனக்குப் பிறகு இங்கே வருபவர் யாரானாலும் படிக்கலாம். ரகசியம் எதுவும் இல்லை.

வெளியே மைனஸ் 61. உள்ளே அழுத்தம் சரி. நேற்று துளைத்தெடுத்த பனித்தண்டுகள் மூன்றும் உறைபெட்டியில் இருக்கின்றன. இரண்டு காற்று இயந்திரங்களில் ஒன்று ஆறு நாளாக ஓடவில்லை. அதற்கான உதிரி பாகத்தோடு தெற்கு நிலையத்திலிருந்து இருளப்பன் இன்று வண்டியில் வருகிறான். அவன் பொறியாளர். அங்கே அவனும் தனியாள். நடுவே நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மதியத்துக்கு இரண்டு பேருக்குச் சோற்றுப் பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நாள் 212. மாலை 16:40
வண்டி கவிழ்ந்துவிட்டது. புறப்பட்ட சில நிமிடங்களில் மணல் மேடு சரிந்திருக்கிறது. அவனுடைய வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. உடை கிழியவில்லை. உள்ளே எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருக்கிறது. எண்ணூறு மீட்டர் தவழ்ந்தே நிலையத்துக்குத் திரும்பியிருக்கிறான். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு வண்டிதான்; அது இனி ஓடாது.

நாள் 215. காலை 09:00
கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிச்சமிருக்கும் இயந்திரம் தேய்ந்துகொண்டிருக்கிறது. நாள் 330 வரை எனக்குக் காற்று உண்டு. பூமியிலிருந்து அடுத்த விண்கப்பல் வரப் பதின்மூன்று மாதம் ஆகும். தெற்கு நிலையத்தில் காற்று இரண்டு பேருக்குத் தாராளம். ஆகவே நான் அங்கே போக வேண்டும்.

வெளியே போகும் உடையில் ஆறு மணி நேரக் காற்று இருக்கும். சிலிண்டரை வெளியே வைத்து மாற்ற முடியாது. இந்த மணலில் நடந்தால் ஒன்பது மணி நேரம். ரேடியோவில் இருளப்பன்:

"அப்போ ஓடித்தான் வரணும்க்கா."

"நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்லைப்பா."

"நான் எட்டு மாரத்தான் ஓடியிருக்கேன். முதல் நாள் ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட முடியலை. பதினாறு வாரம் இருக்குல்ல, போதும். நான் சொல்றதை மட்டும் கேளுங்க."

நாள் 216. காலை 10:30
ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டு முறை செய்யச் சொன்னான். நிலையத்தைச் சுற்றி ஓடினேன். இங்கே எடை குறைவுதான், ஆனால் உடை ஒவ்வொரு மடக்கிலும் எதிர்த்துத் தள்ளுகிறது. ஐந்தாவது முறையில் தலைக்கவசக் கண்ணாடி முழுக்க ஆவி. நின்றுவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் அரை மணிக்கான காற்றைக் குடித்திருக்கிறேன். இப்படியே போனால் ஆறு மணி நேரக் காற்று மூன்று மணியில் தீரும்.

"தூரத்தைப் பத்தி யோசிக்காதீங்க," என்றான். "மூச்சு இறங்கட்டும். பேசிக்கிட்டே ஓட முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்."

அதனால் பேசிக்கொண்டே ஓடுகிறேன். வேறு யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

நாள் 241. காலை 11:05
ஐந்து கிலோமீட்டர். நிற்கவே இல்லை! நாற்பத்து நான்கு நிமிடம். அவன் ரேடியோவில் விசிலடித்தான். உள்ளே வந்து உடையைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று தெரியவில்லை.

நாள் 258. மதியம் 13:20
தப்பு செய்துவிட்டேன். இன்று பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். காலையில் இயந்திரம் இரண்டு நிமிடம் நின்று பிறகு ஓடியது. அந்த அமைதி காதிலேயே இருந்தது. ரேடியோவை அணைத்துவிட்டுப் பதினாறு ஓடினேன். இடது கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஆணி அடித்தது போல வலி. கடைசிக் கிலோமீட்டர் நொண்டித்தான் வந்தேன்.

"வாரத்துக்குப் பத்துல ஒரு பங்குதான் கூட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?" அவன் கத்தி நான் கேட்டதில்லை. "உங்க கால் போச்சுன்னா உங்களைத் தூக்க இங்க யாருக்கா இருக்கா?"

இரண்டு வாரம் ஓய்வு.

நாள் 273. காலை 10:00
மறுபடி மூன்று கிலோமீட்டரிலிருந்து. வலி இல்லை. ஆனால் இயந்திரத்தின் புதுக் கணக்கு: நாள் 330 அல்ல, 319. இனி பத்தில் ஒரு பங்குக் கணக்குக்கு நேரமில்லை, வேகமாகத்தான் கூட்ட வேண்டும் என்கிறான்.

நாள் 295. மதியம் 12:50
இருபத்தொரு கிலோமீட்டர். இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம். செலவான காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது.

அவனிடம் சொன்னபோது பதில் வரத் தாமதமானது. தூங்கிவிட்டானாம். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எலும்பு கூடிக்கிட்டு வருதுக்கா," என்றான். கேமராவைப் போடச் சொன்னேன். பழுதாம்.

நாள் 309. மாலை 15:15
முப்பது கிலோமீட்டர். நான்கு மணி ஐந்து நிமிடம். திட்டப்படி இனி ஒரு வாரம் ஓய்வு; 316 அன்று புறப்பாடு.

நாள் 309. மாலை 17:30
பூமியிலிருந்து டாக்டர் கோமதிநாயகம் அனுப்பிய செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"இருளப்பனுக்குக் கிருமிக்கான மருந்து தீர்ந்து ஒன்பது நாளாகிறது. புண் மறுபடி திறந்துவிட்டது. கால்விரல்கள் கறுத்துவிட்டன. காய்ச்சல் நூற்று மூன்று. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். நானும் ஒப்புக்கொண்டேன். இனி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் 316 வரை நேரமில்லை. மன்னியுங்கள்."

ரேடியோவை எடுத்தேன்.

"ஏன்ப்பா சொல்லல?"

 அவன்: "பத்து ஓடச் சொன்னா பதினாறு ஓடின ஆளு நீங்க. சொல்லியிருந்தா பத்து நாள் முன்னாடியே கிளம்பியிருப்பீங்க. பாதி வழியில விழுந்திருப்பீங்க."

கோபத்தில் என்ன பேசினேன் என்று எழுத விரும்பவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம்.

நாளை ஒரு நாள் கால்களுக்கு ஓய்வு. மறுநாள் காலை கிளம்புகிறேன்.

நாள் 311. உடைக்குள்ளிருந்து, குரல் பதிவு
07:30. புறப்பட்டேன். வடக்கு நிலையத்தின் விளக்குகளை அணைத்துவிட்டேன்.

08:50. பத்து. கால்கள் லேசாக இருக்கின்றன. "மெதுவா, மெதுவா," என்கிறான். குரல் தெளிவாக இல்லை.

10:21. இருபத்தொன்று. தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தினான். என்னை வேறு யாருடைய பெயரையோ சொல்லி அழைத்தான். அவனுடைய மனைவி பெயராக இருக்கலாம். திருத்தவில்லை. ம் என்றேன்.

11:30. இருபத்தொன்பது. பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டேன்.

12:05. பதில் இல்லை. நான் மட்டும் பேசிக்கொண்டு ஓடுகிறேன். இதுவரை ஓடாத தூரத்துக்குள் வந்துவிட்டேன். முப்பதுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று அவன் சொல்லவே இல்லை.

12:36. முப்பத்தாறு. காற்று ஐம்பது நிமிடம். இடது தொடை இழுக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன்.

13:06. முப்பத்தொன்பதரை. காற்று இருபத்திரண்டு. இருளப்பா. ஏதாவது சத்தம் கொடு. இருமு. போதும்.

13:21. கவிழ்ந்த வண்டி. தாண்டிவிட்டேன். எச்சரிக்கை மணி நிற்கவில்லை. விளக்கு தெரிகிறது. விளக்கு

நாள் 311. மாலை 15:20
தெற்கு நிலையம். 13:27க்கு உள்ளே வந்தேன். மூன்று நிமிடக் காற்று மீதி.

ரேடியோவுக்குக் கீழே தரையில் கிடந்தான். நாற்றம் அறை முழுக்க. உயிர் இருக்கிறது. முகத்தைத் துடைத்ததும் கண் திறந்தான்.

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி அம்பத்தேழு நிமிஷம்."

"முதல் தடவைக்கு மோசமில்லைக்கா."

காலைப் படமெடுத்து பூமிக்கு அனுப்பினேன். டாக்டரின் பதில்: "முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். இன்றே. நீங்கள்தான் செய்ய வேண்டும். எல்லாப் படிகளையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். நடுவில் சந்தேகம் கேட்டால் என் பதில் வர அரை மணி ஆகும் என்பதை மறக்காதீர்கள்."

நாள் 311. மாலை 16:55
இருமுறை முழுக்கக் கேட்டுவிட்டேன். கருவிகளைக் கொதிக்க வைத்தாயிற்று. மயக்க ஊசி ஒன்றுதான். நாற்பது நிமிடம் தாங்கும்.  பத்தொன்பது வருடம் பனியைத்தான் அறுத்திருக்கிறேன்.

ஊசிக்கு முன்னால் அவன் சொன்னது: "உக்காந்து செய்யுங்கக்கா. இவ்வளவு ஓடிட்டு நின்னா உங்க கால் இழுத்துக்கும்."

17:00. ஊசி போட்டேன்.

17:12. ரத்தம் நிற்க முழங்காலுக்கு மேலே கட்டுப் போட்டு இறுக்கிவிட்டேன். ஆரம்பிக்கிறேன். இனி குரல் பதிவு.

17:20. ரத்தம் சொன்னதைவிட அதிகம். கட்டு நழுவியிருக்கிறது. விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்டாயிற்று. பதில் 17:50க்கு வரும்.

17:33. ஒரு கையால் மறுபடி கட்டப் பார்த்தேன். முடியவில்லை. விரலை எடுத்தால் பீறிடுகிறது. பாதிதான் அறுத்திருக்கிறேன். மூச்சு இருக்கிறது. மூச்சு விடு, இருளப்பா. மெதுவா. மெதுவா.

17:38. ஊசி இன்னும் இரண்டு நிமிடம்.

17:41. கண்ணைத் திறக்கிறான்.