ஒற்றைக்கண் காருக்குப் பல்ப்

1961 ஓகஸ்ட் 8, செவ்வாய்

இந்த டயறியில் கோடுகளை இவ்வளவு மெல்லிதாக அச்சடித்தவனைக் கட்டி வைத்து அடிக்கவேண்டும். நிற்க. என் வாடகைக் காரின் இடது முன்லைற் எரியவில்லை. அதை வீரகத்தியர் பார்த்துவிட்டார். வருகிற 23ஆம் திகதி அவருடைய மகனுக்குத்தான் எங்கள் இரஞ்சிதத்தைக் கொடுக்கிறோம்.

"தாலி கட்டின கையோடை ஒற்றைக்கண் காரிலையோ வந்து இறங்கிறது? சகுனம் சரியில்லை. நான் புதுக்குடியிருப்பிலை வேறை கார் பிடிக்கிறன்" என்கிறார்.

பத்து வருடமாக ஊர்ப் பெண்களையெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் இறக்கினவன் நான். என் மகளை வேறொருவன் ஏற்றிப் போவதோ? விடமாட்டேன்.

ஓகஸ்ட் 12, சனி

கிளிநொச்சிக்குப் போய்ப் பல்ப் வாங்கினேன். கடைக்காரன், "ஆறு வோல்ற்றோ, பன்னிரண்டோ?" என்று கேட்டான். பழைய பல்பின் அடியில் ஏதோ பொறித்திருந்தது, எறும்பின் கால் அளவில். அவன் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதா? "பன்னிரண்டு" என்றேன் மிடுக்காக. வோல்ற் கூடினால் வெளிச்சமும் கூடும்தானே.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

எரிகிறது — குப்பி விளக்குப் போல. பழுதான சாமானை என் தலையில் கட்டிவிட்டான். நாளைக்குப் போய் இரண்டில் ஒன்று பார்க்கிறேன்.

ஓகஸ்ட் 14, திங்கள்

போகவில்லை. புறப்படும்போது இரஞ்சிதம் இரண்டு பல்பையும் வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, பழசிலை ஆறு எண்டு கிடக்கு. புதுசிலை பன்னிரண்டு. எங்கடை பற்றரி எத்தினை?"

ஆறுதான். குசினிக்குள் இருந்து பத்மாசனி சிரித்தாள். "கலியாணக் கார்ட்டையும் கையை நீட்டித் தூரப் பிடிச்செல்லோ வாசிச்சவர்!"

தாயும் மகளும் சேர்ந்தால் நான் எங்கே போவது? கோபம்தான் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஓகஸ்ட் 16, புதன்

ஆறு வோல்ற் பல்ப் இரண்டு. எனக்கு மூக்குக்கண்ணாடி ஒன்று. ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வெளிச்சம் ஒத்துவராது, சோடியாக மாற்றுங்கள் என்று சொன்னவரும் அதே கடைக்காரர்தான். நல்ல மனுசன்.

ஓகஸ்ட் 24, வியாழன்

நேற்றுப் பொழுதுபடுகிற நேரம், பொம்பிளை மாப்பிள்ளையை நானே ஏற்றிக்கொண்டு கண்டாவளையில் வீரகத்தியர் வீட்டுப் படலையில் காரைத் திருப்பினேன். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்குப் பக்கத்தில் அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு கத்தினார்.

"சம்பந்தி, லைற்றை நூருங்கோ! கண் கூசுது!"

கேளாதவன் போல இருந்தேன். மூன்றாந்தரம் கத்தின பிறகுதான் நூர்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

இன்று கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். டயறியின் கோடுகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இப்போது மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரிகின்றன. கண்ணாடியில் குற்றமில்லை. இரஞ்சிதம் இல்லாமல் வீட்டில் இதுதான் முதல் காலை.